முத்தும் சுண்ணாம்பும்: உயிரின் பெரிய மூலக்கூறுகள் பற்றி

1

சுவரில் பூசிக் காய்ந்த சுண்ணாம்பும் மன்னார் வளைகுடாவில் எடுத்த முத்தும் பெரும்பகுதி ஒரே பொருள்தான். இரண்டுமே கால்சியம் கார்பனேட். முத்தில் அது நூற்றுக்கு ஏறத்தாழ 95 பங்கு. மீதி 5 பங்கில் கொஞ்சம் தண்ணீரும், சிப்பியின் உடம்பு சுரந்த புரதங்களும், கைட்டின் என்ற சர்க்கரைச் சங்கிலியும் இருக்கின்றன. கிளிஞ்சலைக் காளவாசலில் போட்டுச் சுடும்போது முதலில் எரிந்து போவது இந்த 5 பங்கு. அப்புறம் கரியமில வாயு வெளியேறுகிறது. நீற்றிய சுண்ணாம்பைச் சுவரில் பூசினால், காற்றிலிருந்து அந்த வாயுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடியும் கால்சியம் கார்பனேட் ஆகிவிடுகிறது. எரிந்துபோன 5 பங்கு மட்டும் திரும்புவதில்லை.

அந்த 5 பங்கு என்ன செய்துகொண்டிருந்தது? அரை மைக்ரான் தடிமனே உள்ள தாதுத் தகடுகளைச் செங்கல் மாதிரி அடுக்கி, இடையிடையே சாந்து போட்டதுபோல் பிடித்து வைத்திருந்தது. தகட்டின் தடிமன் ஒளியின் அலைநீளத்துக்கு நெருங்கியதாக இருப்பதால் முத்துக்கு அந்த வானவில் மினுக்கம். சாந்து கொஞ்சம் நெகிழ்ந்து கொடுப்பதால், விரிசல் ஒரு தகட்டிலிருந்து அடுத்த தகட்டுக்கு நேராகப் பாய முடியாமல் வளைந்து வளைந்து போய் ஓய்ந்துவிடுகிறது. இதே தாதுவின் தனிப் படிகத்தை உடைப்பதைவிட முத்துச்சிப்பியின் உள் ஓட்டை உடைக்க ஆயிரம் மடங்குக்கும் மேல் ஆற்றல் தேவைப்படுகிறது. ஆக, பொருள் அதேதான். அடுக்கு வேறு. அடுக்குவது, சங்கிலிகளாக நீண்ட பெரிய மூலக்கூறுகள்.

இதை இப்படியொரு இதழில் எழுத என்ன அவசியம் என்று கேட்கலாம். ஆத்தூர், முக்காணி, புன்னைக்காயல் பக்கத்து டீக்கடைகளிலும் கல்யாண வீடுகளிலும், ஒரு காலத்தில் 'அது அவனுவ ரத்தத்துலயே உள்ளதுல்லா' என்று பேசப்பட்ட பேச்சு, இன்று 'ஜீன்லயே இருக்கு வே' என்று மாறியிருக்கிறது. சொல் மாறியிருக்கிறதே தவிர, பிறப்பால் மனிதர்களைத் தரம் பிரிக்கும் வேலை மாறவில்லை. விஞ்ஞானத்தின் அதிகாரம் வேறு இப்போது அதற்குக் கிடைத்துவிட்டது. இதை எதிர்கொள்ளும்போது நம் சூழலில் இரண்டு விதமான பதில்கள் வருகின்றன. ஒன்று, விஞ்ஞானமும் ஒரு சொல்லாடல்தான் என்று தள்ளிவிடுவது. மற்றது, எல்லாம் சமூகச் சூழல்தான், உடம்புக்கு இதில் வேலையே இல்லை என்று சாதிப்பது. இரண்டுமே களத்தை எதிராளிக்கு விட்டுக்கொடுப்பவை. அந்த மூலக்கூறுகள் உண்மையில் என்ன, என்ன செய்கின்றன, எதைச் செய்வதில்லை என்று பார்த்துவிட்டால், 'ஜீன்லயே இருக்கு' என்பவர் காலூன்றி நிற்க இடம் இருக்காது என்பது என் கட்சி.

2

'பெரிய' மூலக்கூறு என்பதில் பெரியது எவ்வளவு பெரியது? தண்ணீர் மூலக்கூறில் 3 அணுக்கள். நாம் டீயில் போடும் சர்க்கரையின் மூலக்கூறில் 45 அணுக்கள். அரிசியின் மாவுச்சத்தில் குளுக்கோஸ் என்ற சின்னச் சர்க்கரை ஆயிரக்கணக்கில் கோக்கப்பட்டு ஒரே மூலக்கூறாகக் கிடக்கிறது. இவ்வளவு நீளமான மூலக்கூறு இருக்க முடியும் என்று ஹெர்மன் ஸ்டாடிங்கர் 1920இல் சொன்னபோது சக வேதியியலாளர்கள் பலர் ஏற்கவில்லை. சின்ன மூலக்கூறுகள் ஒட்டிக்கொண்டு கும்பலாக நிற்கின்றன, அவ்வளவுதான் என்றார்கள். 1953இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

உயிருள்ளவற்றில் இத்தகைய பொருள்களை நான்கு வகையாகச் சொல்வது வழக்கம்: மாவுச்சத்து முதலான சர்க்கரைச் சங்கிலிகள், புரதங்கள், டி.என்.ஏ.-ஆர்.என்.ஏ. என்ற நியூக்ளிக் அமிலங்கள், கொழுப்புகள். இதில் கொழுப்பு சங்கிலி அல்ல, மற்றவற்றோடு ஒப்பிட்டால் அவ்வளவு பெரியதும் அல்ல. ஆனால் தண்ணீரோடு ஒட்டாத அதன் குணத்தால்தான் ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் ஒரு சவ்வு உண்டாகி, உள், வெளி என்ற பேதமே சாத்தியமாகிறது. மற்ற மூன்றும் சங்கிலிகள். ஒவ்வொரு கண்ணி சேரும்போதும் ஒரு தண்ணீர் மூலக்கூறு வெளியே போகிறது. கண்ணியை அவிழ்க்க ஒரு தண்ணீர் மூலக்கூறு உள்ளே வர வேண்டும். நாம் சோற்றைச் செரிப்பது என்பது இந்த அவிழ்ப்புதான். அவிழ்ப்பது என்சைம் என்ற புரதம். ஒவ்வொரு வகைக் கண்ணிக்கும் ஒரு தனி என்சைம் வேண்டும்.

இங்கேதான் ஒரு நுட்பம். மாவுச்சத்தும் குளுக்கோஸ் சங்கிலி, மரத்திலும் இலையிலும் நாராக இருக்கும் செல்லுலோஸும் குளுக்கோஸ் சங்கிலி. கண்ணி கோத்திருக்கும் கோணம் மட்டும் வேறு. ஒரு கோணத்தில் கோத்தால் சுருண்டு மாவாகிறது, நமக்குச் சோறாகிறது. மறு கோணத்தில் கோத்தால் நேராக நீண்டு, பக்கத்துச் சங்கிலியோடு இறுகி, நாராகிறது. அதை அவிழ்க்கும் என்சைம் நம் உடம்பில் கிடையாது. பனையோலை ஏட்டின் உறுதிக்கு இந்த நார் ஒரு முக்கியக் காரணம். கறையானுக்கும் அதன் குடலில் வாழும் நுண்ணுயிர்களுக்கும் அந்த என்சைம் உண்டு. நமக்கு ஏடாக இருப்பது கறையானுக்குச் சாப்பாடு. உ.வே.சா. ஊர் ஊராக அலைந்து மீட்டது, ஒருவகையில், கறையானின் செரிமானத்திலிருந்துதான். தமிழ் இலக்கிய வரலாற்றில் எது மிஞ்சியது, எது போனது என்பதில் மடங்களுக்கும் ஜமீன்களுக்கும் பங்கு இருந்ததுபோல் இந்தக் கண்ணியின் கோணத்துக்கும் பங்கு இருக்கிறது.

அதே பனையில் இறக்கும் பதநீரை எடுத்துக்கொள்வோம். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டினால் பதநீர். தடவாமல் விட்டால் கள். பாளையிலிருந்து சொட்டுவது இரண்டிலும் ஒரே சர்க்கரைத் தண்ணீர். காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட்டின் என்சைம்கள் அந்தச் சர்க்கரையை உடைத்துச் சாராயச் சத்தாக்குகின்றன. சுண்ணாம்பு சேர்ந்து காரத்தன்மை ஏறும்போது ஈஸ்ட்டும் பெருகாது, என்சைமும் சரியாக வேலை செய்யாது. உடன்குடிக் கருப்பட்டி இந்தத் தடுப்பால்தான் சாத்தியமாகிறது. எட்வர்ட் புக்னர் 1897இல் ஈஸ்ட்டை அரைத்து எடுத்த சாறு, உயிருள்ள செல் இல்லாமலே சர்க்கரையைப் புளிக்கவைக்கிறது என்று காட்டினார். 'உயிர்ச்சக்தி' என்ற தனிச்சரக்கு தேவையில்லை, மூலக்கூறே போதும் என்று அதோடு தெரிந்துபோனது. எவ்வளவு சுண்ணாம்பு, எந்த நேரத்தில் என்பதைப் பனையேறிகள் அதற்கு வெகுகாலம் முன்பே கையால் அறிந்திருந்தார்கள். தமிழ்நாட்டில் பதநீர் சட்டபூர்வம், கள் குற்றம். சட்டம் பிடிக்கும் கோடு, கலயத்தில் தடவிய வெள்ளைக்கோடுதான்.

3

சர்க்கரைச் சங்கிலியில் பெரும்பாலும் ஒரே கண்ணி திரும்பத் திரும்ப வரும். புரதத்தில் அப்படியல்ல. 20 வகை அமினோ அமிலங்கள், எந்த வரிசையிலும் வரலாம். வரிசைதான் அங்கே எல்லாம். இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள். அவற்றின் வரிசையை ஃபிரெடரிக் சாங்கர் 1955இல் முழுதாகக் கண்டுபிடித்த பிறகுதான், ஒவ்வொரு புரதத்துக்கும் மாறாத வரிசை உண்டு என்பது உறுதிப்பட்டது. ஆனால் வரிசை மட்டும் போதாது. சங்கிலி குறிப்பிட்ட வடிவில் மடங்கினால்தான் அதற்கு வேலை. மடங்காத புரதம் அவிழ்ந்து கிடக்கும் நூல். முட்டையை வேகவைத்தால் வெள்ளைக்கரு கெட்டியாவது அந்த மடிப்பு குலைவதால்தான். வரிசையில் ஒரு கண்ணியும் அங்கே மாறவில்லை.

எப்படி மடங்கலாம் என்ற கேள்விக்கு அடிப்படையான விடை சென்னையில் கிடைத்தது. 1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தவர் ஜி.என். ராமச்சந்திரன். அதே ஆண்டு சென்னைக்கு வந்தவர் ஜே.டி. பெர்னல். மார்க்சியரான பெர்னலை நம்மில் பலருக்கு விஞ்ஞான வரலாற்று ஆசிரியராகத் தெரியும். கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு இன்னும் தீரவில்லை என்று பேச்சோடு பேச்சாக அவர் சொன்னது ராமச்சந்திரனைப் பிடித்துக்கொண்டது. பக்கத்திலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. ஆஸ்திரேலியக் கங்காருவின் வால் தசைநார் வந்தது. கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து 1954இல் அவர் வெளியிட்ட விடை: மூன்று சங்கிலிகள் கயிறுபோல ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலம். முறுக்கின் நடுவில் அதைவிடப் பெரிய எதற்கும் இடமில்லை.

ஃபிரான்சிஸ் கிரிக் தரப்பிலிருந்து மறுப்பு வந்தது: சில அணுக்கள் ஒன்றையொன்று மிதிக்கிற அளவுக்கு நெருக்கமாக இருக்கின்றன என்று. ராமச்சந்திரன் இந்த மறுப்பை வைத்துக்கொண்டே ஒரு பொதுக் கேள்வி கேட்டார். அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம்? அப்படியானால் புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்பலாம்? 1963இல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரோடும் சேர்ந்து அவர் வெளியிட்ட வரைபடம் இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது. சங்கிலி ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு இடத்தில் திரும்பலாம். அந்த இரண்டு கோணங்களையும் கட்டம் போட்டுப் பார்த்தால், படத்தின் பெரும்பகுதி விலக்கப்பட்ட இடம். அனுமதி சில தீவுகளுக்கு மட்டும். கணினி ஊகித்துத் தரும் புரத வடிவங்களைக்கூட இன்றும் இந்தப் படத்தில் வைத்துச் சரிபார்க்கிறார்கள்.

யாப்பு படித்தவர்களுக்கு இது புதிதல்ல. வெண்பாவில் மாச்சீருக்குப் பின் நிரை வர வேண்டும், விளச்சீருக்கும் காய்ச்சீருக்கும் பின் நேர் வர வேண்டும். மற்றது விலக்கு. எந்தச் சொல்லை எழுதலாம் என்று தளை சொல்வதில்லை. எது எதை அடுத்து நிற்க முடியாது என்று மட்டும் சொல்கிறது. அந்த விலக்குக்குள்தான் எண்ணற்ற வெண்பாக்கள். ராமச்சந்திரன் படமும் அதுபோல ஒரு விலக்குப் பட்டியல்.

கொலாஜன் என்பது என்ன? தோல், தசைநார், எலும்பின் நார்ப்பகுதி. நம் உடம்பிலுள்ள மொத்தப் புரதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. செத்த மாட்டின் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டு மயிரை நீக்கி, ஆவாரம் பட்டைச் சாற்றிலோ கடுக்காய்ச் சாற்றிலோ போடும்போது, பட்டையின் துவர்ப்புச் சத்து அந்த முறுக்குக் கயிறுகளுக்கு இடையில் புகுந்து பிணைத்துவிடுகிறது. பாக்டீரியாவின் என்சைம்களால் அதற்குப் பிறகு எளிதில் அவிழ்க்க முடியாது. அழுக வேண்டிய புரதம் பல ஆண்டு நிலைக்கும் செருப்பாகிறது. இந்த வேலையைச் செய்தவர்களைத்தான் சாதி தீண்டாமையில் வைத்தது. தீட்டு என்று ஒதுக்கப்பட்ட தொழில்களைக் கவனித்தால், பிணம், தோல், மலம், பேறுகால ரத்தம் என்று பெரும்பாலும் பெரிய மூலக்கூறுகள் அவிழ்ந்துகொண்டிருக்கும் இடங்களாகவே இருக்கின்றன. அவிழ்வதை நிறுத்தவும் முறைப்படுத்தவும் தெரிந்தவர் கீழே. அவிழ்ந்து முடிந்த பின் மிச்சத்தை அணிந்துகொள்பவர் மேலே. முத்துச்சலாபத்திலும் இதுதான் நடந்தது. அள்ளிய சிப்பியைக் கரையில் குவித்து அழுகவிட்டு, புழுத்த சதையைக் கழுவி அரித்தால்தான் முத்து. அந்த நாற்றத்துக்குள் நின்றவர்கள் கழுத்தில் முத்து கிடக்கவில்லை.

4

இனி, 'ஜீன்'. டி.என்.ஏ.யும் ஒரு சங்கிலிதான். கண்ணிகள் நான்கே வகை. மூன்று மூன்று கண்ணியாகச் சேர்த்துப் படித்தால் 64 சேர்க்கைகள். ஒவ்வொன்றும் ஒரு அமினோ அமிலத்தையோ, 'இங்கே நிறுத்து' என்பதையோ குறிக்கிறது. 1961இல் மார்ஷல் நிரன்பர்க் முதல் குறியை உடைத்தார். பஞ்சாபில் பிறந்த ஹர் கோவிந்த் கொரானா உட்படப் பலர் உழைத்து 1960களின் இறுதிக்குள் முழுப் பட்டியல் வந்தது. டி.என்.ஏ.யிலிருந்து ஆர்.என்.ஏ.வுக்குப் போவதற்குப் 'படியெடுத்தல்' என்றும், அங்கிருந்து புரதத்துக்குப் போவதற்கு 'மொழிபெயர்ப்பு' என்றும் விஞ்ஞானிகளே பெயர் வைத்தார்கள். நம்மிடமிருந்து வாங்கிய உருவகம். உருவகம் வந்தால் அதன் கூடவே ஆசிரியன் வருவான், அவன் நோக்கம் வரும், மூலப்பிரதிக்கு முதல் மரியாதை வரும். 'எல்லாம் ஜீனில் எழுதியிருக்கிறது' என்ற பேச்சு முளைப்பது இந்த உருவகத்தின் வேரிலிருந்து.

முத்தையே சாட்சிக்கு அழைப்போம். தூத்துக்குடிக் கரையின் கடைசிச் சலாபம் 1961இல் நடந்தது. 1973இல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் தூத்துக்குடி மையத்தில், கே. அழகர்சாமி முன்னின்ற ஆய்வில், உருண்டையான வளர்ப்பு முத்து உண்டாக்கப்பட்டது. முறை இது: ஒரு சிப்பியை அறுத்து, ஓட்டின் உட்புறத்தை ஒட்டிக் கிடக்கும் மெல்லிய சதை மடிப்பிலிருந்து சில மில்லிமீட்டர் துண்டு எடுக்கிறார்கள். ஓட்டிலிருந்து கடைந்த ஒரு மணியோடு சேர்த்து அதை இன்னொரு சிப்பியின் உடம்புக்குள் வைக்கிறார்கள். துண்டு கொடுத்த சிப்பி செத்துவிடுகிறது. அதன் செல்கள் மட்டும் மற்றதன் உடம்பில் பெருகி, மணியைச் சுற்றிப் பையாகி, முத்தைச் சுரக்கின்றன.

இந்த முத்தின் ஆசிரியர் யார்? ரோலண்ட் பார்த்தின் ஆசிரியனின் மரணத்தை இவ்வளவு விவாதித்த நமக்கு இது சுவையான கேள்வி. முத்தின் நிறம் பெருமளவு செத்துப்போன சிப்பியின் வழி வருகிறது. அதன் டி.என்.ஏ. சொல்லும் புரதங்களே தகடு அடுக்குகின்றன. அவற்றில் பிஃப் என்ற ஒன்றை 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் நம் கடலிலும் உள்ள இதே இனச் சிப்பியில் அடையாளம் கண்டார்கள். ஆனால் முத்து எவ்வளவு வேகமாக, எவ்வளவு தடிமனாக வளரும் என்பது வளர்க்கும் சிப்பியின் ஆரோக்கியத்தையும், கடலின் சூட்டையும், தண்ணீரில் உள்ள தீனியையும் பொறுத்தது. மூலப்பிரதி ஒன்று இருக்கிறது என்பதை மறுக்க முடியாது. அது தானாக முத்தாகாது என்பதையும் மறுக்க முடியாது.

இன்னும் ஒரு படி உள்ளே போகலாம். ஒரே சிப்பியில், சதை மடிப்பின் ஓரத்துச் செல்கள் ஓட்டின் வெளி அடுக்கைச் சுரக்கின்றன. அங்கே கால்சியம் கார்பனேட் கால்சைட் என்ற படிகமாகிறது. மினுக்கம் இல்லை. கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கும் செல்கள் சுரப்பது அரகொனைட் என்ற படிகம், முத்தின் படிகம். இரண்டு இடத்துச் செல்லிலும் டி.என்.ஏ. அச்சு அசல் ஒன்றே. 1996இல் ஒரு சோதனை நடந்தது. சிப்பி ஓடுகளின் இரண்டு அடுக்குகளிலிருந்தும் புரதக் கலவையைத் தனித்தனியே எடுத்து, பட்டுப்புரதமும் கைட்டினும் சேர்ந்த தளத்தில் வைத்து, கால்சியம் கார்பனேட்டை விளைய வைத்தார்கள். எந்த அடுக்கின் புரதமோ அந்தப் படிகமே வந்தது. செல் நிற்கும் இடத்தைப் பொறுத்து, இருக்கும் அத்தனை ஜீன்களில் எது படிக்கப்படும் என்பது மாறுகிறது. ஜீன் எல்லாச் செல்லிலும் இருக்கிறது. படிக்கப்பட்டால்தான் அதற்குப் பொருள்.

கடலுக்குப் போகாமல் ஆத்தூர்க் கொடிக்காலிலேயே இதைப் பார்க்கலாம். வெற்றிலையை விதை போட்டு வளர்ப்பதில்லை. தாய்க்கொடியைக் கிள்ளி நடுகிறார்கள். ஆக, கிளைக்கொடியின் டி.என்.ஏ. தாயின் டி.என்.ஏ.தான். அந்தக் கொடியையே வேறு மண்ணுக்குக் கொண்டுபோனால் ஆத்தூர் வெற்றிலையின் காரம் வராது, அது தாமிரபரணித் தண்ணீர் தருவது என்று இங்கே சின்னப்பிள்ளையும் சொல்லும். 2023இல் ஆத்தூர் வெற்றிலைக்குக் கிடைத்த புவிசார் குறியீடும், சரக்கின் குணம் அது விளையும் இடத்தோடு கட்டுண்டது என்ற அடிப்படையில்தான். வெற்றிலைக்கு இதைக் கூசாமல் ஒத்துக்கொள்ளும் ஊர், மனுஷனுக்கு வரும்போது மட்டும் 'பிறப்பு' என்கிறது.

5

எழுத்தின் பொருள் எழுத்துக்குள் இல்லை என்பதற்கு ரத்தத்திலிருந்தே ஓர் உதாரணம். ஹீமோகுளோபின் என்ற புரதத்தின் ஒரு சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள். அதில் ஆறாவது மட்டும் மாறினால் ரத்த அணு அரிவாள்போல் வளைந்துவிடுகிறது. இந்தியாவில் இது முதலில் கண்டறியப்பட்டது 1952இல், நீலகிரிப் பழங்குடிகளிடம். இந்த மாற்றத்தைத் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பெற்றால் கொடிய நோய். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றால் மலேரியாவின் கடுமையிலிருந்து ஓரளவு பாதுகாப்பு. அதே எழுத்து மலேரியாக் காட்டில் கேடயம், மலேரியா இல்லாத ஊரில் வெறும் சுமை. நல்ல ஜீன், கெட்ட ஜீன் என்று இதைத் தரம் பிரிக்க யாருக்கும் முடியாது.

அப்படியானால் சாதிக்கும் டி.என்.ஏ.வுக்கும் தொடர்பே இல்லையா? இருக்கிறது. 'ரத்த சுத்தம்' பேசுகிறவர்கள் நினைக்கும் திசையில் இல்லை, அதற்கு நேர் எதிர்த்திசையில். ஐதராபாத் மையத்தின் கே. தங்கராஜ், லால்ஜி சிங் ஆகியோரும் அமெரிக்காவின் டேவிட் ரெய்க் குழுவினரும் சேர்ந்து 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, இன்றைக்கு ஏறத்தாழ 4200 ஆண்டுகளுக்கும் 1900 ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் இந்தியாவில் பரவலான கலப்பு நடந்திருக்கிறது. ஒதுங்கி வாழும் சமூகங்கள் உட்பட, ஏறக்குறைய எல்லோரிடமும் அந்தக் கலப்பின் தடம் இருக்கிறது. அதன் பிறகுதான் அகமண இறுக்கம். சுத்தம் ஆதியிலிருந்து வந்ததல்ல, கலந்தவர்கள்மீது பின்னால் போட்ட பூட்டு. அந்தப் பூட்டின் தழும்பு மூலக்கூறில் தெரிகிறது. தென்னிந்திய வணிகச் சமூகம் ஒன்றில், அறுவை சிகிச்சையில் தரும் தசை தளர்த்தும் மருந்தைச் சிதைக்கும் என்சைம் குறைபட்டவர்கள் மற்ற சமூகங்களைவிட மிக அதிகம். மயக்க மருத்துவர் இதை அறியாமல் மருந்து கொடுத்தால் நோயாளிக்கு மூச்சுத் திரும்ப நேரமாகும். தலைமுறை தலைமுறையாக உள்ளுக்குள்ளேயே மணம் முடித்ததன் விளைவு இது. டி.என்.ஏ. சாதியை உண்டாக்கவில்லை. சாதி டி.என்.ஏ.யில் நோயை ஊன்றியிருக்கிறது.

ஆகவே 'ஜீன்லயே இருக்கு' என்று ஒருவர் சொல்லும்போது, 'ஜீன் என்று ஒன்றும் இல்லை, அது அதிகாரத்தின் கட்டுக்கதை' என்று நாம் பதில் சொல்லத் தேவையில்லை. இருக்கிறது என்றே ஒத்துக்கொண்டு, எங்கே இருக்கிறது, எந்தச் செல்லில் படிக்கப்படுகிறது, எந்தத் தண்ணீரில், எந்தத் தீனியில் என்று அடுத்தடுத்துக் கேட்கலாம். கேள்வியைத் தொடர்ந்து கேட்டால் அவர் ரேஷன் கடைக்கும் சத்துணவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வேலைக்கும் வந்து சேர்ந்தே ஆக வேண்டும். புரதம் என்பது பிறப்பில் கிடைத்துவிடும் சொத்து அல்ல, தினமும் அவிழ்ந்து தினமும் கட்டப்படுவது. கட்டுவதற்கான அமினோ அமிலங்களில் ஒன்பதை நம் உடம்பு உண்டாக்கிக்கொள்ளாது. பருப்பிலிருந்தும் முட்டையிலிருந்தும் மீனிலிருந்தும் வந்தாக வேண்டும். வரிசையைச் சொல்லும் டி.என்.ஏ. முழுதாக இருந்தும் தட்டில் பருப்பு இல்லையென்றால் குழந்தையின் உடம்பு தன் தசையையே அவிழ்த்துத் தின்னத் தொடங்குகிறது. 'அவனுவ வளத்தி அவ்வளவுதான்' என்று அந்தக் குழந்தையைக் காட்டிப் பேசுகிறவரிடம் நாம் முதலில் கேட்க வேண்டியது, அதன் தட்டில் என்ன இருந்தது என்பதை.